தொட்டியில் இருந்த கிணறு

அந்த ஊருக்கு நான் எடுத்துப்போனவை ஒரு தகரப்பெட்டியிலும் ஒரு சாக்கிலும் அடங்கிவிட்டன. பெட்டியில் நுண்ணோக்கி, கைலென்ஸ், மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகள், மஸ்லின் துணி, ஸ்பிரிட், பஞ்சு, கட்டுத்துணி, மூன்று புடவை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். சாக்கு நிறையக் காய்ந்த மருக்காரைக்காய். பாப்பாரப்பட்டியில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் இறக்கிவிட்ட இடத்தில் வண்டிக்காரர் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "மீன் புடிக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஓடையை மறித்து இந்தக் காயை இடித்துப் போடுவார்கள். மீன் மயங்கி மிதக்கும். நான் பிடிக்க வந்தது மீனைவிட ரொம்பச் சின்னது என்று சொன்னேன். அவர் சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு மாட்டை ஓட்டினார்.

அந்த வறண்ட பக்கத்தில் நரம்புச் சிலந்தி இல்லாத ஊர் அப்போது குறைவு. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு புழு. வெள்ளை நூல் மாதிரி மெல்லியதாக, கை நீளம் இருக்கும். மனிதர் காலுக்குள் வளர்ந்து, கோடை தொடங்கும்போது கணுக்காலில் ஒரு கொப்புளம் வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டும். கொப்புளம் எரியும். எரிச்சல் தாங்காமல் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் நீர்ப்பூச்சிகள் அந்தக் குஞ்சுகளை விழுங்கும். அந்தத் தண்ணீரை மொண்டு குடிக்கிறவருக்கு மறு வருஷம் கொப்புளம் வரும். காலும் குடமும் ஒரே படியில் இறங்குகிற கிணறுகள் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. நீர்ப்பூச்சி செத்தால் சுற்று அறுந்துபோகும்.

பூச்சியைக் கொல்ல மருந்துத் தூள் இருந்தது. உலகச் சண்டை வந்த பிறகு அது எங்கள் ஜில்லா சுகாதார ஆபீசுக்கு வருவது நின்றுபோயிற்று. எங்கள் டாக்டர் ஒருநாள், மீனை மயக்குகிற காய் பூச்சியைக் கொல்லாதா என்று கேட்டார். ஆய்வுக்கூடத்துக் குப்பியில் போட்டுப் பார்த்தோம். கொன்றது. கிணற்றில் போட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் மதராஸில் ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்தவள், கல்யாணம் ஆகாதவள், அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் ஓர் ஆள் அதிகம். போகிறேன் என்றேன்.

எனக்குக் கொடுத்த அறை கிணற்றை ஒட்டி இருந்தது. முதல் நாள் விடியும்போதே பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்தேன். பெண்கள் படியில் வரிசையாக இறங்கி ஏறினார்கள். தமிழும் கன்னடமும் கலந்து வந்தன. யார் வீட்டு எருமை யார் சோளத்தை மேய்ந்தது, யார் மருமகள் யாரை முறைத்தாள், எல்லாம் அங்கேதான். நான் கதவைத் திறந்து வெளியே வந்ததும் பேச்சு நின்றது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மறுபடி ஆரம்பித்தது. அந்த ஊரில் இருந்தவரை அப்படித்தான். சத்தம் வேண்டுமானால் நான் உள்ளே இருக்கவேண்டும்.

என்னை நர்சம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பின்னால் சிலர் பூச்சிக்காரம்மா என்றும் சொன்னார்கள். அதை நான் திருத்தவில்லை, அது சரிதான்.

கிணற்றில் காய் போடுவதற்கு ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மறித்தது ஒரு பெண். கிணற்றுக்கு எதிர்வீட்டு அம்மாள். கன்னடம் பேசும் குடும்பம். வயது ஐம்பது இருக்கும், குரல் இரண்டு தெரு கேட்கும். அவர் கேட்டது மீனைப் பற்றி. அந்த வீட்டு வகையறாவில் கல்யாணமாகி வரும் ஒவ்வொரு பெண்ணும் தாய்வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு மீனைச் செம்பில் கொண்டுவந்து இந்தக் கிணற்றில் விடவேண்டும். அது தண்ணீர்த் தெய்வமான கங்கம்மாவுக்கு. மீன் வளர்ந்தால் பெண்ணும் இந்த ஊரில் வேர் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். கிணற்றுக்குள் இருந்த கெண்டைகள் எல்லாம் அப்படி வந்தவை.

"மீனு செத்துதுன்னா எங்க மருமவளுங்க எல்லாம் அவங்கவங்க ஆத்தா வூட்டுக்குப் போயி மறுபடி மீனு கொண்டாரணும். நீங்க பஸ்ஸு வெச்சுக் கூட்டிப் போவீங்களா?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "மீனு இல்லாத தண்ணி கெணறாகாதுங்க. மீனு இல்லாத எடத்துல கங்கம்மா இருக்க மாட்டா."

மீன்களை முன்பே பிடித்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம், எல்லாம் முடிந்ததும் திரும்ப விடலாம் என்றேன். எங்கே வைப்பது என்று பேச்சு நீண்டது. கடைசியில் அந்த அம்மாள் வீட்டுப் பின்பக்கத்தில், மாடு விற்றபின் சும்மா கிடந்த கல்தொட்டி முடிவாயிற்று. கிணற்றுத் தண்ணீரையே கொண்டுபோய் நிரப்பி, மீன்களைக் கூடையால் அள்ளி அதில் விட்டோம். அதே தண்ணீரில் ஒரு பெரிய கண்ணாடிக் குப்பி நிரப்பி, பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் அறை மாடத்தில் வைத்தேன். மீன் செத்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று அம்மாள் சொன்னார். சரி என்றேன்.

காயை இடிக்க யாரும் உரல் தரவில்லை. நியாயம்தான். ஓடையோரம் கிடந்த குழிக்கல் ஒன்றில் நானே இடித்தேன். இடிக்கும்போது கிளம்பும் தூள் மூக்கில் ஏறி ஓயாமல் தும்மவைத்தது. ஊறவைத்துப் பிசைந்து துணியில் வடிகட்டிய சாற்றைக் கிணற்றில் ஊற்றியபோது தண்ணீர் சோப்பு போட்டதுபோல நுரைத்தது. நுரை படிவரை ஏறியது. மறுநாள் மொண்டு லென்ஸில் பார்த்தேன். துள்ளுவது ஒன்றுகூட இல்லை. நுரை அடங்கிய பிறகு ஆட்கள் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். ஊற்று மெதுவாக நிரம்பத் தொடங்கியது. ஓடை மீன்களைக் கூடையில் இறக்கி வைத்து, அவை பிழைத்த பிறகே மனிதர் குடிக்கலாம் என்று ஏற்பாடு. அதுவரை படியின் வாயில் முள்.

முள் வைத்த மறுநாள் காலையில் வெகுநேரம் தூங்கிவிட்டேன். எழுப்பச் சத்தம் இல்லை. பெண்கள் எல்லோரும் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அது ஊருக்கு வெகு தள்ளி. என் கதவைத் தாண்டும்போது குடங்களைக் கொஞ்சம் இடித்துக்கொண்டு போனார்கள், எனக்குக் கேட்கட்டும் என்று. மற்றபடி அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. நான் வாய் திறந்து பேசாமல் ஒரு பகல் முழுவதும் கழிந்ததை, சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் கவனித்தேன்.

பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது, மீன் தொட்டி. தினமும் மீன்களைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. தொட்டியை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இருந்தது. அதில் அந்த அம்மாளின் மருமகள் பிள்ளை பெற்று இருந்தாள். பதினெட்டு வயது இருக்கலாம். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவள். பிள்ளைப்பேற்றுச் சமயம் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியாததால் தாய்வீடு போகவில்லை. பிள்ளை பிறந்து மாதம் திரும்பி, கிணற்றுப் படியில் இறங்கிக் காலை நனைத்துக் கங்கம்மா பூசை செய்து, முதல் குடம் தண்ணீர் மொண்டு கொண்டுவந்தால்தான் அவள் வீட்டுக்குள் வரலாம். அதுவரை அடுப்பைத் தொடக்கூடாது, அவளையும் பிள்ளையையும் யாரும் தொடமாட்டார்கள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்குமேல் கொப்புளம் உடைந்து வெள்ளை முனை தெரிந்தது. ஊரில் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மாமியார் எள்ளெண்ணெய் தடவச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். நான் சாய்ப்புக்குள் உட்கார்ந்து அந்தக் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். அவள் பதறிப்போனாள். தீட்டு என்றாள். தண்ணீரில் பூச்சி பிடிக்கிறவளுக்கு என்ன தீட்டு என்று அவள் மாமியார் உள்ளிருந்தே சொன்னார். அந்த வகையில் எனக்கு அனுமதி கிடைத்தது.

புழுவை இழுக்கக்கூடாது. அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். ஈரத்துணியை வைத்து, அது தானாக நெகிழ்ந்து வரும் அளவை மட்டும் ஒரு மூங்கில் குச்சியில் சுற்றி, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டவேண்டும். துணியை எரித்துவிடவேண்டும். மறுநாள் மறுபடி ஒரு சுற்று, சில நாள் அதுகூட வராது. இப்படி வாரக்கணக்கில் போகும். எனக்குத் தெரிந்த வேலைகளிலேயே அவசரப்பட முடியாத வேலை இதுதான்.

"இன்னும் எவ்ளோ இருக்கும் நர்சம்மா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"உன் கை நீளம் இருக்கலாம்."

"அப்ப இன்னும் நெறைய நாளு வருவீங்க."

பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளுடைய மீனை எனக்குக் காட்டினாள். வாலில் ஒரு பக்கம் கடிபட்டது. தன் ஊர்க் கிணறு, கன்னடத்தில் எண்கள், எந்த நாத்தனார் சோற்றில் உப்புப் போட மறப்பாள், எல்லாம் சொன்னாள். நான் நுண்ணோக்கியில் பார்த்ததைச் சொன்னேன். ஒருநாள் திடீரென்று, "உங்களையும் இப்புடி ஒதுக்கி வெச்சிருக்காங்களா அக்கா?" என்றாள்.

"என்னை யாரும் வைக்கல. நான் வேலைக்கு வந்திருக்கேன்."

"அதான் கேட்டேன்," என்றாள் அவள், பிள்ளைக்குத் தூளியை ஆட்டிக்கொண்டே.

அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்தான். பிள்ளை பிறந்தது தெரிந்து லீவில் வந்தான். வழக்கப்படி வேலிக்கு அப்பால் நின்று பிள்ளையைப் பார்த்தான். அவள் தூக்கிக் காட்டினாள். அவன் தலையில் இருந்த தொப்பியை எடுத்துவிட்டு நின்றான், ஏதோ அதிகாரி வந்ததுபோல. பெற்றவள் வீட்டுக்குள் வராமல் தகப்பன் பிள்ளையைத் தூக்கக்கூடாது. மாதம் திரும்புகிற நாளுக்கு மறுநாள் அவனுக்கு மொரப்பூரில் ரயில். எங்கே அனுப்புவார்கள் என்று அவனுக்கே தெரியாது. பர்மாவாக இருக்கலாம் என்றான்.

அதற்குள் ஓடை மீன்கள் கூடையில் பிழைத்துவிட்டன. தண்ணீர் தெளிந்திருந்தது. முள்ளை எடுக்கலாம் என்று நானே சொல்லவிருந்தேன். அன்று சாயங்காலம் மாமியார் தொட்டியருகே வந்து, காலையில் பூசை, கிணற்றைத் திறந்துவிடுங்கள் என்றார். மகன் வேலியோரம் நின்றான்.

கிணற்றைத் திறக்கலாம், ஆனால் அவள் இறங்கக்கூடாது என்றேன். அவள் காலில் புழு பாதிதான் வந்திருக்கிறது. அந்தக் கால் தண்ணீரில் பட்டால் கிணறு மறுபடி கெட்டுவிடும். இத்தனை நாள் எல்லோரும் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தது வீண். புழு முழுவதும் வெளிவந்த பிறகு பூசையை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே, அதற்குள் ரயில் போய்விடும் என்று எனக்குத் தெரியும். வேலியோரம் நின்றவனுக்கும் தெரியும்.

"எனக்கு வந்துது, எங்க அத்தெக்கு வந்துது. அந்தக் காலோடதான் நாங்க எறங்கினோம். நாங்க எறங்காத கெணறா?" என்றார் மாமியார்.

"அதனாலதாம்மா இவளுக்கும் வந்திருக்கு."

அப்படி ஒரே அடியாகச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் இறுகிப்போயிற்று. பிறகு சாய்ப்புக்குள்ளிருந்து மருமகள் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மாமியார் வெடுக்கென்று திரும்பிப் பதில் சொன்னார். அவள் விடாமல் மறுபடி சொன்னாள். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னான்: "கங்கம்மா இப்ப கெணத்துல இல்லையாங்க. தொட்டியிலதான் இருக்காளாம்."

"மீனெடுத்தா அவளும் கூடையில ஏறி வந்துருவாளா? அவ என்ன மீன்காரியா?" என்றார் மாமியார்.

அவள் இந்த முறை தமிழில் சொன்னாள், நானும் கேட்கட்டும் என்று. "மீனு இல்லாத தண்ணி கெணறாகாதுன்னு நீங்கதான சொன்னீங்க அத்தெ. ஊரே கேட்டுது."

ஊரே கேட்டிருந்தது. அவர் குரல் அப்படி. அவர் தொட்டியின் விளிம்பில் கையை வைத்து மீன்களைப் பார்த்தார். அதில் அவருடைய மீனும் இருந்திருக்க வேண்டும், அல்லது அதன் வாரிசு. பிறகு என்னிடம் திரும்பி, "இங்கியே பூசைன்னாலும் முதக் கொடத்துல ஒரு வாய் அவ குடிக்கணும். இதுவும் பழைய கெணத்துத் தண்ணிதான? இதுல பூச்சி இருக்குமா இருக்காதா, அதச் சொல்லுங்க," என்றார்.

இருக்கும் என்றுதான் நினைத்தேன். காய் போடுவதற்கு முன் மொண்ட தண்ணீர் அது; அறை மாடத்துக் குப்பியில் அதே தண்ணீர் நீர்ப்பூச்சி துள்ளத் துள்ள இருந்தது. குடத்தில் துணி கட்டி வடிகட்டிக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே, தொட்டித் தண்ணீரை நாலு மூலையிலும் அடியிலும் மொண்டு மஸ்லினில் வடித்து அறைக்குக் கொண்டுபோனேன். லென்ஸில் ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியில் ஒன்றும் இல்லை. திரும்பிப் போய் மறுபடி மொண்டுவந்தேன். பாசி, ஒரு செதிள், வேறொன்றும் இல்லை. மாடத்துக் குப்பியைப் பார்த்தேன். அது கொதிக்கிற மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே கிணறு, ஒரே காலையில் மொண்டது. வித்தியாசம் மீன் மட்டும்தான். பெரிய கிணற்றில் தின்று தீர்க்க முடியாததை இந்தச் சின்னத் தொட்டியில் அவை தின்று தீர்த்திருந்தன.

இருட்டுவதற்குள் போய், இல்லை என்று சொன்னேன்.

"அப்ப நாளைக்கு மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க," என்றார் மாமியார்.

காலையில் தொட்டியின் விளிம்பில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு விளக்கு. பெண்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். முதலில் நான் ஒரு கை மொண்டு குடித்தேன். மீன் வாடை. அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் முகம் சுளிக்கிறேனா என்று. பிறகு அவள் தொட்டியைக் கும்பிட்டு, செம்பில் மொண்டு, பக்கத்துக் கல்லில் ஏறி நின்று தன் காலில் ஊற்றிக்கொண்டாள். கட்டுத்துணியை நான் முன்பே அவிழ்த்திருந்தேன். எல்லோரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கணுக்காலைப் பார்த்தேன். தண்ணீர் பட்டதும் புண்ணின் வாயிலிருந்து பால் போல ஒரு துளி கசிந்தது, அதன்பின் இன்னொரு துளி. கல்லில் வழிந்து, ஓரத்து மண்ணில் இறங்கிக் காணாமல் போயிற்று. அந்தத் துளியில் எத்தனை உயிர் என்று எனக்குத் தெரியும். படியில் நின்றிருந்தால் அவை எங்கே போயிருக்கும் என்றும் தெரியும். பக்கத்தில் நின்ற யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

தொட்டியில் முதல் குடம் மொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது, பிறகு ஒரு ஆண் குரல் அதைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தது. அன்றும் மறுநாள் வண்டி வரும்வரையும் அந்தப் பிள்ளை அவன் கையைவிட்டு இறங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

மீன்களைக் கூடையில் அள்ளிக் கிணற்றில் விட்டோம். வால் கடிபட்டது கடைசியாகப் போயிற்று. தொட்டித் தண்ணீரை மொண்டு காய்ந்த தரையில் கொட்டினேன். ஆபீசுக்கு எழுதிய அறிக்கையில், காய்ச்சாறு பூச்சியைக் கொல்கிறது, ஆனால் மீனையும் கொல்கிறது; ஆகவே மீனை எடுத்துவிட்டுச் சாற்றை ஊற்றி, நீர் தெளிந்தபின் மீனைத் திரும்ப விடவேண்டும், புதிதாக வரும் கொஞ்சப் பூச்சியை மீன் பார்த்துக்கொள்ளும் என்று எழுதினேன். காயைப் பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

முள்ளை எடுத்த மறுநாள் விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். எல்லாம் பழையபடி. குடம், சிரிப்பு, எருமை, சோளம். புதிதாக ஒரு குரல் கன்னடத்தில் கலந்திருந்தது. அவள் படியில் இறங்காமல் மேலேயே நிற்க, நாத்தனார்கள் மொண்டு கொடுத்தார்கள். புழு வெளியே வரும்வரை இறங்கக்கூடாது என்று மாமியாரே கட்டளை போட்டிருந்தார், நான் சொன்னதாக இல்லை, தானே சொன்னதாக.

காலுக்கு மட்டும் நான் தினமும் போனேன். இப்போது வீட்டுத் தாழ்வாரத்தில். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து முறம் புடைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அதிகம் பேசவில்லை. ஒரு மத்தியானம் குச்சியைச் சுற்றும்போது எதிர்பாராமல் கடைசி முனை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் வலிக்கவே இல்லையே என்றாள். புண்ணைத் துடைத்தேன். அது தானே ஆறிவிடும், கட்டு வேண்டியதில்லை. இருந்தாலும் கட்டுத்துணியை எடுத்து மெதுவாகச் சுற்றினேன், முடிச்சைப் பிரித்து இன்னொரு முறை சுற்றினேன். பிறகு எழுந்துவிட்டேன்.

மாற்றல் உத்தரவு வந்து நான் கிளம்பிய காலையில் அவள் குடத்தோடு படியேறி வந்தாள். பின்னால் நாலு பேர். வண்டியைப் பார்த்து நின்றாள். "நர்சம்மா, சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் வந்தவர்கள் வழி விடச் சொல்லி ஏதோ கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

போகும்போது சாமான்கள் வந்தபோது இருந்தவையேதான். மருக்காரைக்காய்ச் சாக்கு மட்டும் காலி. குப்பிகளில் ஒன்றில் ஸ்பிரிட் ஊற்றி அந்தப் புழுவைக் குச்சியோடு போட்டிருந்தேன். இப்போது நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அது அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு எடுத்துக் காட்டுவேன். லேபிளில் புழுவின் பெயர், ஜில்லா, நீர்நிலையின் வகை, சேகரித்தவர் என்று நாலு வரி. யார் காலிலிருந்து என்று எழுத அதில் வரி இல்லை. கை நீளம் இருக்கிறதே என்று அவர்கள் சொல்வார்கள். ஆமாம், அவ்வளவுதான் இருந்தது என்று சொல்லிவிட்டு, குப்பியைத் துடைத்துத் திரும்ப வைப்பேன்.